கருவுற்ற இல்லமும் நான்கு தானங்களும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி மகளிர் அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தீர்த்தங்கரர் வாழ்வில் போற்றப்படும் பஞ்ச கல்யாணங்களுள் முதலாவது கர்ப்பாவதரணம், இரண்டாவது ஜன்மாபிஷேகம். துறவும் கேவலஞானமும் வீடுபேறும் அவற்றின் பின்னரே வருகின்றன. துறவை உயர்ந்த நிலையாகக் கொண்ட சமயம், ஓர் உயிர் தாயின் வயிற்றில் தங்கிய நாளையும் மண்ணில் தோன்றிய நாளையும் மங்கல நாள்களாகக் கொண்டாடுவது எண்ணிப் பார்க்கத்தக்கது. பதினாறு கனாக் கண்ட பிரியகாரிணி அன்னையைத் தேவமகளிர் சூழ்ந்திருந்து பணிவிடை புரிந்தனர் எனப் புராணங்கள் உரைக்கும். கருவுற்ற பெண்ணுக்குப் பணி செய்தல் தேவர்க்கும் உரிய கடமை என்பது அதன் குறிப்பு.

இன்றைய இல்லங்களில் அப்பணி எவ்வாறு நிகழ்கிறது? மருமகள் கருவுற்ற செய்தி கேட்டு மகிழும் அதே இல்லம், அவள் அட்டமியிலும் சதுர்த்தசியிலும் உபவாசம் தவறாதிருப்பதைக் கண்டும் மகிழ்கிறது. மாமியாருக்கு மனம் வருந்துமோ என்று அவள் தன் மயக்கத்தைச் சொல்வதில்லை; மருமகளே விரும்பி நோற்கிறாள் என்றெண்ணி மாமியாரும் தடுப்பதில்லை. இருவர் நெஞ்சிலும் அன்புண்டு. இடையே பேச்சில்லை. அந்தப் பேச்சின்மையால் வாடுவது வயிற்றிலுள்ள உயிர்.

சமண இல்லறத்தார்க்கு உரிய தானங்கள் நான்கு: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். துறவியர்க்கும் வறியோர்க்கும் இவற்றை வழங்கிப் பழகிய குடும்பங்கள், கருவுற்ற பெண்ணுக்கும் பிறந்த குழந்தைக்கும் இவற்றை முறையாக வழங்கினால், பேறுகாலத் துன்பங்களுட் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

ஆகார தானம்

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், தீர்த்தங்கரப் பேற்றுக்குக் காரணமான பதினாறு பாவனைகளைக் கூறுமிடத்து, ஈகையையும் தவத்தையும் ‘ஆற்றலுக்கு ஏற்ப’ என்னும் வரையறையுடன் சேர்த்தே கூறுகிறது. ஆற்றலை மீறிய தவம் அங்கே சொல்லப்படவில்லை. கருவுற்றவளின் ஆற்றல் இரண்டு உடல்களுக்குப் பங்கிடப்படுகிறது. ஆகவே பேறுகாலத்தில் முழு உபவாசத்தை ஒத்திவைப்பது நோன்பின் இலக்கணத்திற்கு மாறானதாகாது. தானம், ஜபம், சுவாத்தியாயம், சாமாயிகம் ஆகியவை அவளுக்குத் திறந்தே உள்ளன. வீட்டார் விரும்பினால் அவள் பொருட்டு அந்த உபவாசத்தைத் தாம் நோற்கலாம்.

இதன் மருத்துவக் காரணத்தையும் அறிதல் நன்று. உண்ணாத நேரம் நீளும்போது கருவுற்ற பெண்ணின் இரத்தச் சர்க்கரை ஏனைய பெண்களுக்குக் குறைவதைவிட விரைந்து குறைகிறது. உடல் தன் கொழுப்பை எரிக்கத் தொடங்குவதால் கீட்டோன் என்னும் பொருள் இரத்தத்தில் பெருகுகிறது. நீரும் அருந்தாதிருந்தால் களைப்பு, தலைசுற்றல், சிறுநீர்த் தொற்று ஆகியவை எளிதில் வருகின்றன. நீரிழிவுக்காக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பெண் உணவைத் தவிர்ப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

சூரியன் மறையுமுன் உண்ணும் நெறி கருவுற்றவளுக்குக் கேடன்று. ஆயினும் மாலை 6 மணிக்கு உண்டவள் மறுநாள் காலை 9 மணிக்குத்தான் மீண்டும் உண்கிறாள் என்றால் இடைவெளி 15 மணி நேரமாகிவிடும். இதனைக் காலையிற் குறைக்கலாம். கதிரவன் எழுந்த சிறிது நேரத்தில் அவளுக்கு உணவு கிடைக்குமாறு செய்வது வீட்டாரின் பொறுப்பு. பூசையும் சமையலும் முடிந்தபின் கடைசியாக அவள் உண்ணும் வழக்கத்தை இந்த 9 திங்களேனும் மாற்றியமைக்க வேண்டும். இரவில் நீரும் மருந்தும் கொள்ளும் விலக்கைப் பல இல்லறத்தார் கைக்கொள்கின்றனர். கருவுற்றவள் அவ்விலக்கை ஏற்பதே பாதுகாப்பானது. ஐயமிருப்பின் தம் குடும்பம் போற்றும் அறவோரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெறலாம். நள்ளிரவில் நாவறண்டு கிடக்கும் பெண், தான் தவறு செய்கிறோமோ என்று தனியே தவித்தல் கூடாது.

பகற்பொழுதுக்குள் உணவையும் மருந்தையும் எவ்வாறு அடக்குவது என்பதற்கு ஒரு வரைவு வருமாறு. காலை 6.30 மணிக்குப் பால், அதனுடன் பொரிகடலையோ வேர்க்கடலையோ. 8 மணிக்கு இட்டலி, கேழ்வரகு அடை, பொங்கல் போன்ற முழு உணவு. அதனுடன் ஒரு சுண்ணாம்புச்சத்து மாத்திரை. 10.30 மணிக்குக் கொய்யா அல்லது வேறு பழம். 12.30 மணிக்குச் சோறு, பருப்பு, கீரை, காய், தயிர். உண்டு ஒரு மணி நேரம் கழித்து இரும்புச்சத்து மாத்திரை; நெல்லிக்காய்ச் சாறோ எலுமிச்சைச் சாறோ அதனுடன் அருந்தலாம். 3.30 மணிக்குச் சுண்டல். 5.30 மணிக்கு மாலை உணவு, அதனுடன் இரண்டாவது சுண்ணாம்புச்சத்து மாத்திரை, பின்னர்ப் பால். இரும்பையும் சுண்ணாம்பையும் ஒருசேர உட்கொண்டால் ஒன்று மற்றதன் உறிஞ்சலைக் குறைக்கும். காப்பியும் தேநீரும் இரும்பைத் தடுக்கும். ஆகவே மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் அவற்றை விலக்க வேண்டும். இரும்பு மாத்திரையை இரவு உணவுக்குப் பின் உண்ணுமாறு பிறர் சொல்லக் கேட்டு, இரவில் உண்பதில்லை என்பதால் அதனையே விட்டுவிடும் பெண்கள் உண்டு. நண்பகலுக்குப் பின் உண்டாலும் அம்மாத்திரை அதே பயனைத் தரும்.

நான்காம் திங்கள் முதல் கருவுற்றவளுக்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்குச் சுமார் 350 கலோரியும், பாலூட்டும் முதல் ஆறு திங்களில் சுமார் 600 கலோரியும் கூடுதலாகத் தேவை. இருவருக்காக இருமடங்கு உண்ண வேண்டியதில்லை. ஒரு சிறு உணவு வேளை கூடினால் போதும். பாலூட்டும் காலத்துத் தேவை சூல்காலத்தினும் மிகுதி என்பதைப் பத்தியம் போடும் பாட்டிமார் கருத்திற்கொள்ள வேண்டும். மிளகு இரசமும் சோறும் மட்டும் தந்து, தண்ணீரையும் அளந்து கொடுக்கும் பத்தியம் தாயைத் தளரச் செய்யும்.

மருத்துவமனையில் தரப்படும் உணவுப் பட்டியல்களிற் சில சமண இல்லத்திற்குப் பொருந்துவதில்லை. இரத்தம் ஊற அத்திப்பழம் உண்ணச் சொல்வர். ஐவகைப் பழங்களை விலக்கும் மூலகுண நெறியில் அத்தியும் அடங்கும். பீட்ரூட், காரட் என்பர். கிழங்கு விலக்கியோர் அவற்றைத் தொடார். பால் சுரக்கப் பூண்டு என்பர். இவை இல்லாமையாற் குறையொன்றுமில்லை. இரும்புக்கு முருங்கைக்கீரை, கம்பு, கொள்ளு, எள், கொண்டைக்கடலை, பேரீச்சம்பழம் உண்டு. சுண்ணாம்புக்குப் பாலும் தயிரும், 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்பு கொண்ட கேழ்வரகும் உண்டு. பால் சுரப்புக்குத் தூண்டுகோல் குழந்தை அடிக்கடி உறிஞ்சுவதே. பூண்டு இன்றியும் அது நிகழும். தயக்கமின்றி மருத்துவரிடம் தம் உணவு நெறியைச் சொன்னால், அதற்கேற்ற மாற்று கிடைக்கும். சொல்லாமல் பட்டியலை மடித்து வைத்துவிடுவதே தீங்கு.

சைவ உணவினர் தனிக்கவனம் செலுத்த வேண்டியது வைட்டமின் பி12. தாவர உணவில் இது போதுமான அளவு இல்லை. பாலும் தயிருமே இவர்களுக்கு இயற்கையான மூலம். பாலையும் குறைத்து உண்ணும் பெண்ணிடம் இக்குறை ஆழமாக இருக்கக்கூடும். அவளுக்கு நாக்கெரிச்சலும் கைகால் மரத்தலும் தோன்றலாம். எதுவும் தோன்றாமலும் இருக்கலாம். பி12 மிகக் குறைந்த தாயின் பாலை மட்டும் அருந்தும் குழந்தை சில திங்களில் சோர்ந்து, தலை நிற்பது தளர்ந்து, கைகால் நடுக்கம் கொள்வதைக் குழந்தை மருத்துவர்கள் அறிவர். தாய்ப்பாலை நிறுத்துவது இதற்குத் தீர்வாகாது. தாய்க்கும் சேய்க்கும் பி12 அளிப்பதே தீர்வு. மருந்தாக விற்கப்படும் பி12 நுண்ணுயிர் நொதிப்பால் ஆக்கப்படுவது. விலங்கின் உடலிலிருந்து எடுக்கப்படுவதன்று. கருவுற்றவுடன் இதன் அளவைச் சோதிக்குமாறு சைவ உணவுக் குடும்பத்தார் தாமே கேட்பது நல்லது.

ஔடத தானம்

திங்கள் தள்ளிப்போனது உறுதியானதும் செய்ய வேண்டிய முதற்கடமை, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ பதிவு செய்தல். மூன்று திங்கள் நிறையும்வரை வெளியிற் சொல்லலாகாது என்னும் கூச்சம் பலரிடம் உண்டு. ஊராரிடம் சொல்லாதிருக்கலாம், செவிலியரிடம் சொல்லியே ஆக வேண்டும். கருவின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாவது அம்மூன்று திங்களில்தான். அதற்குத் துணையான ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்கும் முன்பே தொடங்கி முதல் 12 வாரங்களும் தேவைப்படுகிறது.

நான்காம் திங்கள் முதல் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை, நாளுக்கு ஒன்றாக 180 நாள்கள் தரப்படும். குழந்தை பிறந்தபின் மேலும் 180 நாள்கள் அதனைத் தொடர வேண்டும். குழந்தை பிறந்தவுடன் மாத்திரையை நிறுத்துவோரே மிகுதி. மலம் கருநிறமாவதும் மலச்சிக்கலும் இம்மாத்திரையின் இயல்பான விளைவுகள், அஞ்ச வேண்டுவதில்லை. இந்திய நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கருவுற்ற பெண்களிற் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. 7 கிராமுக்குக் குறைந்தால் மருத்துவமனையிற் சேர்த்துக் கவனிக்க வேண்டிய நிலை. சோகையுள்ள தாய்க்குப் பேற்றின்போது வழக்கமான இரத்தப்போக்கும் தாங்க முடியாததாகிவிடும். வெளுத்த முகத்தை ‘சூல்களை’ என்று பாராட்டிவிடாமல் ஒரு துளி இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதனைக்கு நான்கு முறையேனும் செல்ல வேண்டும்: 12 வாரத்துக்குள் முதலாவது, 14 முதல் 26 வாரத்துக்குள் இரண்டாவது, 28 முதல் 34 வாரத்துக்குள் மூன்றாவது, 36 வாரத்துக்குப் பின் நான்காவது. உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு முதல் 8 முறை பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு முறையும் எடை, இரத்த அழுத்தம், சிறுநீர், ஹீமோகுளோபின் ஆகியவை பார்க்கப்படுகின்றனவா என்று உடன் செல்பவர் கவனிக்க வேண்டும். நீரிழிவுக்கான குளுக்கோஸ் நீர்ச் சோதனையையும், 18 முதல் 20 வாரத்தில் உறுப்புக் குறைகளை அறியும் ஸ்கேன் சோதனையையும் தவறவிடலாகாது. உறவுமுறைத் திருமணம் செய்தோர் அதனை முதற்சோதனையிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று கேட்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கொல்லாமையைத் தலையான அறமாகக் கொண்டோர்க்கு அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு.

ஒவ்வொரு திங்களும் 9ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் கருவுற்றோரை மருத்துவர் கட்டணமின்றிப் பரிசோதிக்கும் திட்டம் நாடெங்கும் உள்ளது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டம், தகுதியுடைய ஏழைத் தாய்மார்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய் மதிப்பிலான உதவியை அளிக்கிறது. சிற்றூர்களில் நிலம் உழுது வாழும் சமணக் குடும்பங்களில் இதற்குத் தகுதியுடையோர் பலர் உள்ளனர். கேட்டுப் பெறுவதில் இழிவில்லை.

ஜெலட்டின் உறையிட்ட மருந்தை ஏற்காதோர், அதனையே மாத்திரையாகவோ பாகாகவோ தருமாறு மருத்துவரிடம் கேட்கலாம். பெரும்பாலான சத்து மருந்துகளுக்கு மாற்று வடிவம் உண்டு. உறையின் பொருட்டு மருந்தையே கைவிடுவதும், வீட்டில் சொல்லாமல் சன்னல் வழியே எறிவதும் வேண்டா.

சாத்திர தானம்

அறிவு பிறக்குமுன் அச்சம் பிறந்துவிடுவது பேறுகாலத்தின் இயல்பு. ஆகவே எது இயல்பு, எது ஆபத்து என்னும் அறிவைக் கருவுற்றவளுக்கு மட்டுமன்றிக் கணவனுக்கும் மாமியாருக்கும் புகட்ட வேண்டும்.

சுவேதாம்பர மரபின் கல்பசூத்திரத்தில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. தாய்க்கு வலி நேரலாகாது என்று கருவிலிருந்த மகாவீரர் அசையாதிருந்தார். அசைவு நின்றதை உணர்ந்த திரிசலை அன்னை பெருந்துயருற்றாள். அரண்மனையில் இசை ஓய்ந்தது. அதனை அறிந்த கரு சிறிது அசைய, அன்னை மகிழ்ந்தாள். இவ்வரலாற்றை ஏற்போர்க்கும் ஏலாதோர்க்கும் இதிலுள்ள பாடம் ஒன்றே. கருவின் அசைவைத் தாய் கவனித்தாள். அது குறைந்ததும் சொன்னாள். அவள் சொல்லை இல்லம் முழுவதும் பொருட்படுத்தியது. 28 வாரத்துக்குப் பின் ஒவ்வொரு நாளும் குழந்தையின் அசைவைத் தாய் கவனிக்க வேண்டும். வழக்கத்தினும் குறைந்தால் இடப்புறம் சாய்ந்து படுத்துக் கவனிக்கலாம். அப்போதும் குறைவாயின் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ‘காலையில் பார்க்கலாம்’ என்னும் சொல் இங்கே ஆகாது.

உடனே மருத்துவமனையை நாட வேண்டிய பிற அறிகுறிகள்: எவ்வளவு சிறிதாயினும் உதிரப்போக்கு, தீராத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், பனிக்குட நீர் கசிதல், நீரும் தங்காத வாந்தி, மூச்சுத்திணறல். தலைவலியும் கண்மங்கலும் பித்தம் என்று கருதப்பட்டு, சுக்குக் கஷாயத்தில் நாள் கழிவதுண்டு. அவை இரத்த அழுத்தம் 140க்கு 90ஐக் கடந்ததன் அடையாளமாக இருக்கலாம். வலிப்பு அதன் அடுத்த படி.

பிறந்த குழந்தையைப் பற்றிய அறிவில் முதலாவது, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். மஞ்சள் நிறச் சீம்பால் கெட்ட பாலன்று. நோய் எதிர்ப்பாற்றல் செறிந்த முதல் உணவு. அளவு சிறிதாயினும் குழந்தையின் சிறு வயிற்றுக்கு அது போதும்.

பெரியவர் ஒருவர் விரலில் தேன் தொட்டுக் குழந்தையின் நாவில் வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. ஊர் வழக்கம் என்று சமண இல்லங்கள் சிலவற்றிலும் அது புகுந்துவிட்டது. மது, புலால், தேன் ஆகிய மூன்றையும் விலக்குவது சிராவகரின் மூலகுணம். அவ்வாறிருக்க, குலத்தின் புதிய உயிருக்கு முதலில் ஊட்டுவது தேனா? மருத்துவமும் இங்கே அறத்தோடு உடன்படுகிறது. தேனில் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துக்கள் இருக்கக்கூடும். ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளர்த்தி, மூச்சையும் நிறுத்தலாம்.

சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், உரைத்த வசம்பு ஆகியவையும் வேண்டா. தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 விழுக்காடு நீரே. சித்திரை வெயிலிலும் ஆறு திங்கள்வரை தனியே தண்ணீர் தேவையில்லை. காதிலும் மூக்கிலும் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். மூக்கில் வாய் வைத்து ஊதினால் பெரியவரின் தொற்று குழந்தைக்குச் செல்லும். சாம்பிராணிப் புகை சிறு மூச்சுக்குழலைச் சுருக்கும். கண்மை ஈயம் கலந்ததாக இருக்கலாம். கொப்பூழ்க்கொடியில் சாம்பலோ மஞ்சளோ பூசாமல், உலர்ந்து தானே உதிர விட வேண்டும். பிறந்த 24 மணி நேரம் குளிப்பாட்டாதிருப்பது குழந்தையின் உடற்சூட்டைக் காக்கும். நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பருகும் நெறியும், கைகால் கழுவிய பின்னரே அடுக்களை புகும் நெறியும் இக்குழந்தைக்குப் பெருங்காப்பு. குழந்தையைத் தொடுமுன் சோப்பால் கைகழுவுதல் அந்நெறியின் தொடர்ச்சியே.

பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசியும், காசநோய்த் தடுப்பூசியும், போலியோ சொட்டு மருந்தும், 24 மணி நேரத்துக்குள் மஞ்சட்காமாலை பி தடுப்பூசியும் தரப்படும். அதன்பின் 6, 10, 14ஆம் வாரங்களில் அடுத்த தவணைகள். ‘சூதகம் கழியட்டும்’ என்று முதல் ஊசிகளைத் தள்ளிப்போடலாகாது.

குழந்தை நாளுக்கு 8 முதல் 12 முறை பால் அருந்துவதும், முதல் வாரத்துக்குப் பின் 6 முறையேனும் சிறுநீர் கழிப்பதும் பால் போதுகிறது என்பதன் சான்று. முதல் சில நாள்களில் எடை சிறிது குறைந்து, இரண்டு வாரத்துக்குள் மீள்வது இயல்பு. பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், உடல் சில்லிடுதல் அல்லது காய்தல், நிமிடத்துக்கு 60 முறை அல்லது அதற்கு மேல் மூச்சுவிடுதல், மார்பு உள்வாங்குதல், வலிப்பு, பிறந்த முதல் நாளே மஞ்சள் படர்தல், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் வீட்டு மருத்துவத்தில் நேரம் கழித்தல் கூடாது.

அபய தானம்

அஞ்சியவர்க்குப் புகலளித்தல் தானங்களுட் சிறந்ததாகப் போற்றப்படும். பேற்றுநோவை எதிர்நோக்கும் பெண்ணைவிட அஞ்சி நிற்பவர் யார்? அவளுக்கு ஆறுதல் மொழி வேண்டும். அதனோடு ஏற்பாடும் வேண்டும்.

எட்டாம் திங்களிலேயே வீட்டார் ஒருங்கமர்ந்து முடிவு செய்ய வேண்டியவை சில உள. எந்த மருத்துவமனை? அங்கே இரவிலும் மருத்துவர் உண்டா? அறுவை தேவைப்பட்டால் எங்கே அனுப்புவர்? ஊர்தி எது? 108 வரத் தாமதமானால் அடுத்த வழி யாது? வீட்டில் மற்றக் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யார்? கணவன் வெளியூரிலிருந்தால் அறுவைக்கு இசைவு தருமாறு அவளுக்குத் துணை நிற்பவர் யார்? தாய்வீட்டில் பேறு நிகழுமாயின், சோதனை அட்டையும் மருத்துவக் குறிப்புகளும் அவளுடன் செல்ல வேண்டும்.

இரத்தம் தருவோர் இருவரை முன்னரே குறித்து வைத்தல் இன்றியமையாதது. பேற்றுக்குப் பின் வரும் மிகுந்த உதிரப்போக்கு நாழிகைக்குள் உயிரைப் பறிக்கும். விழாக்காலங்களில் கூடும் இளைஞர்கள் தம் இரத்தவகையைப் பதிந்து வைத்தால், ஊர்தோறும் அது ஒரு நிலையான அபய தானமாகும்.

இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைத்திருப்பது சிறந்த காப்பு. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர மருத்துவமனையில், போதிய கருவிகள் இல்லாத நிலையில் தொடங்கிய இம்முறை இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளது. தாய் ஓய்வெடுக்கையில் தந்தையும் பாட்டியும் இவ்வாறு அணைக்கலாம். ஆண்பிள்ளை குழந்தையைத் தூக்கலாமா என்று தயங்கும் தந்தையர்க்கு, இதுவே முதற்பணி.

சூதக நாள்களில் ஜினாலயம் செல்லாதிருத்தல் மரபு. அந்நாள்களில் பார்க்க வருவோர் குறைவதால் தாய்சேய்க்குத் தொற்றும் குறைகிறது. ஆனால் தனியறை என்பது தனிமையாகிவிடலாகாது. காற்றும் வெளிச்சமும் புகும் அறையும், இரவில் துணைக்கு ஒருவரும், செவிலியர் வந்து பார்க்க இசைவும் வேண்டும். பேற்றுக்குப் பின் 42 நாள்கள் வரை தாய்க்கு ஆபத்து நீங்குவதில்லை. மிகுந்த உதிரப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றம், கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தல் ஆகியவற்றைக் காலந்தாழ்த்தாது சொல்ல வேண்டும்.

முதல் சில நாள்களில் காரணமின்றி அழுகை வருவது பலர்க்கு இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேலும் உறக்கமின்மை, குழந்தையிடம் பற்றின்மை, தான் எதற்கும் பயனில்லை என்னும் எண்ணம் ஆகியவை நீடித்தால் அது நோய்; மருத்துவத்தால் தீரும். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் எழுமாயின், இரண்டு வாரம் பொறுக்கலாகாது. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ‘பூர்வ வினை’ என்று சொல்லி அவளைச் சும்மா இருக்கச் செய்வது வினைக்கொள்கையை வழிமாற்றி உரைப்பதாகும். நல்வினைக்கு முயற்சியும் ஒரு வாயில். பெண் குழந்தை பிறந்தது என்று முகம் சுளிக்கும் இல்லத்தில் இந்நோய் இன்னும் ஆழ வேரூன்றும். அடுத்த கருவுக்கு இரண்டாண்டு இடைவெளி விடுவது, அவள் உடல் இழந்ததை மீட்டுக்கொள்ளும் காலம்.

இந்த நான்கு தானங்களையும் பெறுவதற்குக் கருவுற்றவள் கைநீட்டி நிற்கலாகாது. கேளாமலே வந்து சேர வேண்டும். அதற்கு முதற்படி எளியது. இன்று மாலை உணவுக்கு அமருமுன், இல்லத்துப் பெரியவர் ஒருவர் அவளை அழைத்து, ‘அம்மா, இன்று என்ன உண்டாய்? மாத்திரை போட்டாயா? குழந்தை அசைகிறதா?’ என்று கேட்கட்டும். அவள் சொல்லும் மறுமொழியை முழுமையாகச் செவிமடுக்கட்டும். அடுத்த நோன்பு நாளில் அவளுக்கு முதலில் உணவு பரிமாறிய பின்னரே மற்றவர் தம் விரதத்தைத் தொடங்கட்டும். ஒவ்வொரு கருவுற்ற இல்லமும் அவ்வாறு அமையுமாயின், கர்ப்பாவதரணத்தையும் ஜன்மாபிஷேகத்தையும் கொண்டாடும் உரிமை அவ்வில்லத்தார்க்கு நிறைவாக வாய்க்கும்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க. தாயும் சேயும் நலம் பெறுக.